‘பெரியதாகப் போட்டால் விழாது’

விருதுநகரில் அப்பா 1974-இல் கட்டிய வீட்டின் திண்ணையில், மீட்டருக்குக் கீழே ஒரு தேக்குப் பலகை. அதில் இரும்புக் கூடு போட்ட மெயின் சுவிட்ச், அதை ஒட்டி வெள்ளைப் பீங்கானில் ஃபியூஸ் கட்டைகள், ஆணியில் தொங்கும் ஃபியூஸ் வயர் அட்டை, அட்டைக்குப் பின்னால் செருகிய டெஸ்டர். மாடியில் ஏ.சி. வைப்பது என்று முடிவானபோது, "அந்தப் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டால் போதும்" என்று வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். எம்.சி.பி. (மின்சாரம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த புதுப் பெட்டியின் விலை கேட்கப் போன கடையிலும் அதையே சொன்னார்கள். கடைக்காரர் கூடவே ஒரு யோசனையும் தந்தார்: "63 ஆம்ப் மெயின் போடுங்கள் சார். பெரியதாகப் போட்டால் விழவே விழாது."

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தோடு எனக்கு இருக்கும் சண்டைதான்.

விழாத எம்.சி.பி.தான் வேண்டுமென்றால் ஒரு துண்டு செப்புக் கம்பி போதும். காசு கொடுத்து எம்.சி.பி. வாங்கவே தேவையில்லை. ஃபியூஸும் எம்.சி.பி.யும் டி.வி.யைக் காப்பாற்றுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காமல் ஆளைக் காப்பாற்றுகின்றன என்று நினைப்பவர்களும் உண்டு. அவை காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் வயரை. வயர் தன் பிவிசி உறை தாங்கும் அளவைத் தாண்டிச் சூடேறுவதற்கு முன் மின்சாரத்தைத் துண்டிப்பதற்காகவே அவை அங்கே உட்கார்ந்திருக்கின்றன. எனவே பெட்டியில் என்ன எண் இருக்க வேண்டும் என்பதைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வயர்தான் சொல்ல வேண்டும். கடையிலிருந்து முடிவு செய்துகொண்டு வர முடியாது.

பழைய பீங்கான் கட்டையை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் தத்துவம் நேர்மையானது. வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி. 5 ஆம்புக்கு 0.2 மி.மீ. கனம், 15 ஆம்புக்கு 0.5 மி.மீ., 30 ஆம்புக்கு 0.85 மி.மீ. சரியான கம்பியைப் போட்டால் அது தன் வேலையைச் செய்யும், மெதுவாக. குறிப்பிட்ட அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடினால்தான் அது உருகும் என்பது அதன் குணம். அதனால்தான் இந்த வகை ஃபியூஸுக்குப் பின்னால் போகும் வயரின் தாங்குதிறனை 0.725-ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டிஷ் வயரிங் விதிகள் சொல்கின்றன.

கெட்டது கட்டையில் அல்ல, அதில் கம்பி கட்டும் கையில். எங்கள் தெருவில் ஃபியூஸ் வயர் தீர்ந்துபோனால் பழைய ஃபிளெக்ஸிபிள் வயரை உரித்து ஒரே ஓர் இழையை எடுத்துக் கட்டுவார்கள். அந்த இழையின் கனமும் கிட்டத்தட்ட 0.2 மி.மீ.தான், ஆக, விளக்கு லைனுக்கு அது பொருத்தமான வைத்தியமே. ஆனால் அவசரத்தில் யாரோ ஒருவர் எங்கள் அடுப்படிக் கட்டையில் 3/20 வயரின் (20-ஆம் கேஜில் மூன்று இழை) ஓர் இழையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். 20-ஆம் கேஜ் கம்பியின் கனம் 0.914 மி.மீ. அதாவது 30 ஆம்ப் ஃபியூஸ் கம்பியைவிடத் தடிமன். அது உருக வேண்டுமென்றால் 70 ஆம்ப் அளவுக்கு ஓட வேண்டும். அதற்குள் சுவரில் இருக்கும் வயர் வெந்துவிடும். வேறு வார்த்தையில் சொன்னால், கடைக்காரரின் 63 ஆம்ப் யோசனையை அந்தப் பெயர் தெரியாத மனிதர் எப்போதோ எங்கள் வீட்டில் நடைமுறைப்படுத்திவிட்டார்.

மெயின் சுவிட்சைத் திறந்தபோது இன்னொன்று தெரிந்தது. உள்ளே இரண்டு கட்டைகள்: ஒன்று மின்சாரம் வரும் ஃபேஸில், ஒன்று அது திரும்பிப் போகும் நியூட்ரலில். அந்தக் காலத்து வீடுகளில் இது சர்வசாதாரணம். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 32-ஆவது விதி, நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது, ஃபேஸோடு சேர்ந்து ஒரே நேரத்தில் இயங்கும் சுவிட்ச் மட்டுமே வைக்கலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், நடைமுறையில் இரண்டிலும் கட்டை வைத்துக்கொண்டே இருந்தார்கள். இதன் விளைவு விபரீதமானது. நியூட்ரல் கட்டை உருகினால் வீடு முழுவதும் இருட்டாகும். மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து நாற்காலி போட்டு ஹோல்டரில் கை வைப்போம். அங்கே ஃபேஸ் அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

பெட்டியைத் தொடுவதற்கு முன் வயர்களைப் பார்ப்போம் என்று வயர்மேன் அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "இதைக் கேட்பவர்களே கிடையாது தம்பி. எல்லாரும் பெட்டி என்ன நிறம் என்றுதான் கேட்பார்கள்" என்றார். அரசு உரிமம் பெற்றவர். டெஸ்டரை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வராமல், வயரில் ஓடும் ஆம்பை அளக்கும் டாங் டெஸ்டரும், வயரின் உறை கசிகிறதா என்று பார்க்கும் மெகரும் கொண்டு வருகிறவர்.

கீழ்த்தளம் செப்பு. விளக்கு லைன்கள் 3/22, பிளக் லைன்கள் 3/20, மீட்டரிலிருந்து மெயினுக்கு 7/20. இன்றைக்கு இருபத்தைந்து வயதில் இருக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கு இந்தக் கணக்கு புரிவதில்லை. முதல் எண் எத்தனை இழை, இரண்டாவது எண் எந்தக் கேஜ். சதுர மில்லிமீட்டரில் சொன்னால் 3/22 என்பது ஏறக்குறைய 1.2, 3/20 என்பது 2-க்குச் சற்றுக் குறைவு, 7/20 என்பது 4.6. மாடி எண்பதுகளில் எடுத்தது. அங்கே ஒற்றை இழை அலுமினியம், 1.4 மி.மீ. கனம், ஒன்றரை சதுர மி.மீ. செப்பு விலையைப் பார்த்து அந்தக் காலத்தில் பலரும் அலுமினியத்துக்குப் போனார்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவதில் செப்பைவிட மட்டம் என்பது சிறிய குறைதான். பெரிய கம்பி போட்டால் தீர்ந்தது. திருகுக்கு அடியில் அது நசுங்கி நசுங்கி இளகுவதும், காற்றுப் பட்ட நொடியில் மேலே மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் ஏறுவதும்தான் உண்மையான தொல்லை. முனை இளகினால் அங்கே தடை கூடும், தடை கூடினால் சூடு, சூடு ஏறினால் இன்னும் இளகும். மாடி சுவிட்ச் போர்டு ஒன்றைக் கழற்றியபோது திருகைச் சுற்றி பேக்லைட் பழுப்பேறியிருந்தது. இந்தச் சூட்டை எந்த எம்.சி.பி.யும் கண்டுபிடிக்காது. ஓடும் ஆம்ப் கூடவில்லையே, அது எதைப் பார்த்து விழும்?

இப்போது கடைக்காரரின் 63-ஐ அந்த 7/20 வயருக்கு முன்னால் வைத்துப் பார்ப்போம். வீட்டு எம்.சி.பி.க்கான தர விதி இப்படிப் போகிறது: குறித்த அளவைப் போல் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது, 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 63 ஆம்ப் எம்.சி.பி. 71 ஆம்பைச் சலனமில்லாமல் அனுப்பிவைக்கும். 91 ஆம்ப் ஓடினாலும் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்க்க அதற்கு உரிமை உண்டு. எங்கள் ஊர் வெயிலில், சுவருக்குள் குழாயில் ஓடும் 4.6 சதுர மி.மீ. செப்பு, நிம்மதியாகத் தாங்குவது 30 ஆம்ப் அளவுக்குத்தான். வயரில் பிறக்கும் சூடு ஆம்பின் வர்க்கத்தில் ஏறும்: இரண்டு மடங்கு ஓடினால் நான்கு மடங்கு சூடு, மூன்று மடங்கென்றால் ஒன்பது. விழவே விழாதுதான். சரியாகச் சொன்னார்.

ஆக, கணக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் என்ன ஓடும்? அதற்குப் போதுமான எம்.சி.பி. எது? அந்த எம்.சி.பி.யைத் தாங்கும் வயர் எது? இந்த வரிசை தலைகீழானால் எல்லாமே தப்பும்.

ஒரு மாலை அம்மாவும் நானும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். மாடியில் ஒன்றரை டன் ஏ.சி. 1,700 வாட், கீழே பின்னொரு நாள் வரப்போகும் ஒரு டன் ஏ.சி. 1,200, கீசர் 2,000, ஒரு குதிரைத்திறன் மோட்டார், உள்ளே இழுப்பது ஏறக்குறைய 1,100, இண்டக்ஷன் அடுப்பு 2,000, மிக்ஸி 750, இஸ்திரிப் பெட்டி 1,000, வாஷிங் மெஷின் 500, ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, டி.வி. எல்லாம் சேர்த்து 900. கூட்டினால் 11 கிலோவாட்டைத் தாண்டுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. இரவில் ஏ.சி.கள், காலையில் கீசர், அடுப்பு, மிக்ஸி, மோட்டார். "கீசரும் மோட்டாரும் ஒன்றாக ஓடாது. மோட்டார் போட்டுத் தொட்டி நிறைந்தால்தான் கீசருக்குத் தண்ணீர்" என்று அம்மா திருத்தினார். அது எங்கள் வீட்டுக்குச் சரி; மாமா குடும்பத்தோடு வந்து தங்கும் பொங்கலுக்குச் சரியில்லை. மோசமான காலைப்பொழுது ஒன்றைக் கற்பனை செய்து பார்த்தேன்: மாடியில் ஏ.சி. இன்னும் ஓடுகிறது, கீழே கீசர், அடுப்பு, மிக்ஸி, மோட்டார். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய எட்டு கிலோவாட், 35 ஆம்ப்.

இவ்வளவு பளுவை ஒரு ஃபேஸில் இழுக்க மின்வாரியம் சம்மதிக்காது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் மூன்று ஃபேஸ் இணைப்புக்கு மாறியாக வேண்டும். மாறினோம். விண்ணப்பம், கூடுதல் மின்பளுவுக்கான கட்டணம், உரிமம் பெற்றவர் தரும் டெஸ்ட் ரிப்போர்ட், புது மீட்டர் என்று அது தனிக் கதை. அதில் சுவாரசியம் எதுவும் இல்லை. மீட்டர் வரைக்கும் உள்ள சர்வீஸ் வயர் அவர்களுடையது, சீல் வைத்த கட்-அவுட்டை (மின்வாரியத்தின் ஃபியூஸ் கட்டையை) கழற்றும் உரிமையும் அவர்களுடையது. நம்முடைய பொறுப்பு மீட்டருக்குப் பிறகு தொடங்குகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். அந்த சீலை உடைத்து "பத்தே நிமிஷத்தில்" வேலையை முடித்துத் தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது. கட்-அவுட்டுக்கு அந்தப் பக்கம் நம்மைக் காப்பாற்ற டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் ஃபியூஸ் மட்டும்தான்.

மூன்று ஃபேஸ் வந்ததும் பளுவைப் பிரித்தோம். மாடி முழுவதும் ஒரு ஃபேஸ், அடுப்படி ஒன்று, கீசரும் மோட்டாரும் கீழ் அறைகளும் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் உச்ச நேரத்தில் 15 முதல் 17 ஆம்ப். இந்த இடத்தில் யாராக இருந்தாலும் "25 ஆம்ப் மெயின், 6 சதுர மி.மீ. வயர், முடிந்தது" என்று எழுதிவிடுவார்கள். புத்தகப்படி அது சரியும்கூட.

ஆனால் தமிழ்நாட்டில் மூன்று ஃபேஸ் வாங்குகிற குடும்பங்கள் ஏன் வாங்குகின்றன என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சொல்லும் காரணம் ஏ.சி. இல்லை: "ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றில் மாற்றிக்கொள்ளலாம்." மழைக்காலத்தில் ஒரு ஃபேஸ் போவது எங்களுக்குப் பழக்கம். உடனே கட்டையைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகுவார்கள், அல்லது ஃபேஸ் மாற்றும் சுவிட்சைத் திருப்புவார்கள். இரண்டு ஃபேஸ் போனால் மூன்றையும் ஒன்றில் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் அழகாகப் பிரித்து வைத்த பளு முழுவதும் ஒரே வயரில் போய், ஒரே நியூட்ரலில் திரும்பும். மூன்று ஃபேஸும் சமமாக ஓடும்போது நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது என்ற பாடப்புத்தகச் சமாதானம் அப்போது செல்லாது. வீட்டார் எப்படிப் பயன்படுத்துவார்களோ அதற்குத்தான் வயர் போட வேண்டும். எப்படிப் பயன்படுத்த வேண்டுமோ அதற்கல்ல.

எனவே 32 ஆம்ப், நான்கு துருவ மெயின்: மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது. ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் அதற்குப் பிறகு. எந்தக் கூத்து நடந்தாலும் ஒரு வயரில் 32 ஆம்புக்கு மேல் தொடர்ந்து ஓடாது, நியூட்ரலிலும் ஓடாது. நியூட்ரலும் ஃபேஸும் ஒரே கனம்.

என்ன கனம்? சுவருக்குள் குழாயில் மூன்று ஃபேஸ் ஓடும் பிவிசி செப்பு வயருக்கான சர்வதேச அட்டவணை இப்படி: 4 சதுர மி.மீ. 28 ஆம்ப், 6-க்கு 36, 10-க்கு 50. கடையில் 6-ஐ எடுத்து நீட்டுவார்கள், 36 என்பது 32-ஐவிடப் பெரியதுதானே என்று. அந்த அட்டவணை 30 டிகிரி வெப்பநிலைக்குப் போட்டது. விருதுநகரில் சித்திரை, வைகாசியில் 30 டிகிரியை விடியற்காலையில் தேடினால் ஒருவேளை கிடைக்கலாம். 40 டிகிரிக்கு 0.87-ஆல் பெருக்க வேண்டும்: 6 சதுர மி.மீ. 31.3-க்கு இறங்குகிறது. மயிரிழையில் போதவில்லை. எங்கள் குழாய் போகும் மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்குத் தொட்டாலும் சுடும். அதற்கு 45 டிகிரி வைத்து 0.79-ஆல் பெருக்கினால் 28.4. மயிரிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. 10 சதுர மி.மீ. அதே கணக்கில் 39.5. அதையே எடுத்தோம்.

தூரத்தையும் பார்க்க வேண்டும். மீட்டர் திண்ணையில், புதுப் பெட்டி மாடிப்படிக்கு அடியில். குழாய் வழியாக 18 மீட்டர். 10 சதுர மி.மீ. செப்பில், போய்த் திரும்பும் பாதை இரண்டும் சேர்த்து, ஒரு ஆம்ப் ஒரு மீட்டர் போனால் 4.4 மில்லிவோல்ட் விழும். 32 ஆம்ப் முழுவதும் ஒரே ஃபேஸில் ஓடினால் இரண்டரை வோல்ட் இழப்பு. 4 சதுர மி.மீ. போட்டிருந்தால் அதே இடத்தில் ஆறு வோல்டுக்கு மேல் போயிருக்கும். விளக்குக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் வரை விழலாம் என்பது பொது வழக்கம். ஆனால் அது மீட்டரிலிருந்து கடைசி பிளக் வரைக்குமான மொத்தக் கணக்கு. தொடக்கத்திலேயே பாதியைத் தின்றுவிட்டால் மாடி ஏ.சி.க்கு என்ன மிஞ்சும்? கோடை மாலையில் தெருவுக்கு வருவதே 210 வோல்டாக இருக்கும் ஊர்களில், இந்த நான்கு வோல்டுக்கும் மரியாதை உண்டு.

கிளை லைன்களுக்கும் இதே முறை. ஒரு குழாயில் இரண்டு லைன்கள் சேர்ந்து போனால் ஒன்றின் சூடு மற்றொன்றைத் தாக்கும் என்பதால் இன்னும் 0.8-ஆல் பெருக்க வேண்டும். 2.5 சதுர மி.மீ. வயரின் 24 ஆம்ப், வெயிலுக்கும் கூட்டத்துக்கும் கழித்த பிறகு 16.7-க்கு வருகிறது. 16 ஆம்ப் எம்.சி.பி.க்குச் சற்றே மேல். மூன்றாவது லைனையும் அதே குழாயில் திணித்தால் 0.7 ஆகிவிடும், 16 தாங்காது. "குழாயில் இடம் இருக்கிறதே" என்று இன்னொரு வயரை இழுத்துவிடும் பழக்கம் ஏன் கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை. கீசருக்குத் தனியாக 4 சதுர மி.மீ. போட்டோம். விளக்கு லைனில் புதிதாக இழுத்தவை 1.5.

பெட்டி வாங்குவது இதற்குப் பிறகு அரை மணி நேர வேலை. எண்கள் கையில் இருந்தால் கடையில் பேச அதிகம் இருக்காது. மோட்டாருக்கும் ஏ.சி.க்கும் சி வகை எம்.சி.பி.; கிளம்பும் நொடியில் மோட்டார் இழுக்கும் ஆறேழு மடங்கு ஆம்பைப் பார்த்து பி வகை பதறி விழுந்துவிடும். மற்றபடி பித்தளைப் பட்டை கனமாக இருக்கிறதா, நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயர்கள் வந்து சேரும் பட்டை) ஃபேஸ் வாரியாகத் தனித்தனியாக இருக்கிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

ஃபேஸ் வாரியாகத் தனித்தனி நியூட்ரல் கேட்டதற்குக் காரணம் ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றும் பொருள் இதுதான். ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப் வித்தியாசம் வந்தால் துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் மின்கசிவுப் பாதுகாப்புக்கு இடம் இருக்கிறது. எர்த் நன்றாக இருந்தால் எதற்கு இது என்று அப்பா கேட்டார். அவருக்குப் போட்டுக்காட்டிய கணக்கு இது: எங்கள் எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீசரின் உடலில் ஃபேஸ் பட்டுவிட்டால் எர்த் வழியாக ஓடுவது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்ப். 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது சாதாரண பளு. ஆயுள் முழுக்க விழாது. கீசர் உயிரோடு நின்றுகொண்டிருக்கும். கரிசல் மண் கோடையில் வெடித்து எர்த் குழாயை விட்டு விலகும்போது தடை இன்னும் ஏறும். குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். ஆர்.சி.சி.பி. இருந்தால் 30 மில்லி ஆம்பிலேயே கதை முடிந்துவிடும். அப்பா கணக்கு வாத்தியார். வகுத்தலைச் சரிபார்த்துவிட்டு மேற்கொண்டு பேசவில்லை.

மூன்று ஃபேஸுக்கும் மூன்று ஆர்.சி.சி.பி. வைத்தோம், ஒன்றில் கசிந்தால் மற்ற இரண்டும் எரியட்டும் என்று. பெட்டி ஏறிய நாள் பகலில் எல்லாம் ஒழுங்கு. மெகரில் 500 வோல்ட் கொடுத்துப் பார்த்ததில் லைன்கள் தேறின. சாயங்காலம் அம்மா மாடிப்படி விளக்கைப் போட்டார். மாடியும் அடுப்படியும் சேர்ந்து அணைந்தன. மறுபடி ஏற்றி, மறுபடி விளக்கைப் போட்டால், மறுபடி அதேதான். பல்பை மாற்றிப் பார்த்தாயிற்று. "புதுப் பெட்டி சரியில்லை, பழையதே தேவலை" என்று தீர்ப்பும் வந்தாயிற்று.

அண்ணாச்சி வந்து படிக்கட்டு சுவிட்சுகள் இரண்டையும் கழற்றியதும் காரணம் தெரிந்தது. அந்த விளக்குக்கு ஃபேஸ் அடுப்படி லைனிலிருந்து வருகிறது, நியூட்ரல் மாடி லைனுக்குத் திரும்புகிறது. மாடி எடுத்தபோது அருகில் இருந்த நியூட்ரலில் முறுக்கிவிட்டிருக்கிறார்கள். பழைய பலகையில் எல்லா நியூட்ரலும் ஒரே கட்டையில் சேர்ந்ததால் யாருக்கும் தெரியாமல் போனது. இப்போது அடுப்படி ஆர்.சி.சி.பி. வழியாகப் போனது அங்கே திரும்பவில்லை, மாடி ஆர்.சி.சி.பி. வழியாகப் போகாதது அங்கே வந்து நிற்கிறது. 9 வாட் எல்.இ.டி. பல்ப்தான். 9-ஐ 230-ஆல் வகுத்தால் 39 மில்லி ஆம்ப். இரண்டையும் சாய்க்க அதுவே தாராளம்.

இன்வெர்ட்டர் இதைவிடப் பெரிய குழப்பம். வீடு முழுவதும் ஆங்காங்கே ஒரு ஃபேன், ஒரு விளக்கு என்று இன்வெர்ட்டரின் ஃபேஸை மட்டும் தனி வயரில் கொண்டுபோய், நியூட்ரலைக் கையில் கிடைத்த லைனில் விட்டிருந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். ஆர்.சி.சி.பி. வைத்த மறுநாளே அது விழத் தொடங்குகிறது, எலக்ட்ரீஷியன் வருகிறார், ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக ஒரு வயர் கொடுத்துவிட்டுப் போகிறார். பெட்டியில் அது அலங்காரமாக நிற்கிறது. உங்கள் வீட்டில் இருப்பது வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டு, வீடு அணைகிறதா என்று பாருங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்தும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் யாரோ தாண்டிக் கொடுத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் ஃபேன் கணக்கில் வராது. நாங்கள் இன்வெர்ட்டருக்கென்று தனி நியூட்ரல் இழுத்தோம். பெட்டி மாற்றியதைவிட அந்த வேலைக்குத்தான் கூலி அதிகம் ஆனது. கொடுத்ததில் வருத்தமில்லை.

மூன்று ஃபேஸ் வீட்டில் நியூட்ரலைப் பற்றி ஒரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். மெயினுக்கு வரும் நியூட்ரல் முனை இளகி விட்டுப்போனால் வீடு அணையாது. ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே இருக்கும் 400 வோல்டை வீட்டுப் பொருள்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். அதிகம் இழுக்கும் பக்கத்துக்குக் குறைவாகவும், டி.வி. மட்டும் ஓடும் பக்கத்துக்கு 300, 350 என்றும் போகும். "திடீரென்று ஹை வோல்டேஜ் வந்து எல்லாம் எரிந்துவிட்டது" என்று கேள்விப்படும் கதைகளில் பல இந்த ஒரு திருகில் முடிகின்றன. நான்கு முனைகளுக்கும் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குப்பி) வைத்து கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), திருகை முறுக்கி, சில வாரங்கள் பளு ஓடிச் சூடாகி ஆறிய பிறகு மெயினை அணைத்து மறுபடி ஒருமுறை முறுக்கச் சொன்னேன். அண்ணாச்சி அதைத் தானே செய்வதாக இருந்தார்.

மாடியில் பின்னறை இரண்டும் இன்னும் அலுமினியத்தில்தான் ஓடுகின்றன. அங்கே குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. சுவரை வெட்டாமல் வயர் மாற்ற முடியாது. அதனால் அந்த லைனுக்கு 6 ஆம்ப் எம்.சி.பி. மட்டும் வைத்து, முனைகளை எல்லாம் புதிதாகச் சுரண்டிக் கட்டியிருக்கிறோம். இஸ்திரிப் பெட்டியையும் தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலையும் அங்கே ஒன்றாகப் போட்டால் சற்று நேரத்தில் விழுந்துவிடும். போன வாரம் தங்கை வந்திருந்தபோது விழுந்தது. "10 ஆம்ப் போட்டுத் தரச் சொல்லேன் அண்ணா" என்றாள். கெட்டிலைக் கீழே கொண்டுவரச் சொன்னேன். சுவர் வெட்டுவதற்கு கொத்தனார் கூலியை அப்பா பேசிக்கொண்டிருக்கிறார்.